பூத்தண்டை முறிப்பதா, விடுவதா? வன்னி விறாந்தையில் ஒரு குடுவைச் செடி

எங்கள் வீட்டு விறாந்தையில் தொங்கும் பூச்சாடியில் ஒரு குடுவைச் செடி இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் கொழும்பில் நடந்த பூங்கன்றுக் கண்காட்சி ஒன்றில் வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தது. முதல் வருடம் குடுவை எதுவும் வரவில்லை. இரண்டாம் வருடம் இரண்டு வந்தன. போன மாரிக்குப் பிறகு கொடி நீண்டு, ஒரே நேரத்தில் ஏழு குடுவைகள் தொங்கின. அதன்பின் ஒருநாள் நுனியில் இலைக்குப் பதிலாக ஒரு தண்டு நிமிர்ந்தது. அதில் மிளகுக்கொத்து மாதிரி சின்னச் சின்ன மொட்டுகள்.

பக்கத்து வளவு அம்மா பார்த்துவிட்டு உடனே சொன்னார்: "தம்பி, உதை முறிச்சு விடுங்கோ. பூ வந்தா இலை நிண்டு போகும்."

அவர் 1995 இடப்பெயர்வில் வலிகாமத்தில் இருந்து வன்னிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அதற்கு முன் குடும்பமாகப் புகையிலை செய்தவர்கள். புகையிலையில் பூத்தண்டு தலைகாட்டியதும் முறித்துவிடுவார்கள். விட்டால் செடி தன் பலத்தையெல்லாம் பூவுக்கும் விதைக்கும் கொடுத்துவிடும், இலை தடிக்காது. அந்தக் கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஏனென்றால் குடுவைச் செடியில் நாம் ஆசையாகப் பார்க்கும் அந்தக் குடுவையும் ஓர் இலைதான். இலையின் நடுநரம்பு கொடிபோல நீண்டு, அதன் முனை ஊதிக் குடுவையாகிறது. மூடிபோல மேலே நிற்பதும் இலையின் ஒரு பகுதியே. பூ என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது பூவே அல்ல. உண்மையான பூ வரும்போது அதைக் களை என்று நினைத்து வெட்டிவிடுகிறவர்களும் உண்டு.

ஆனாலும் நான் முறிக்கவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பூச்சி உண்ணும் செடிகள் எல்லாவற்றுக்கும் ஒரே விடை கிடையாது. சிலவற்றில் பூத்தண்டை வெட்டத்தான் வேண்டும். சிலவற்றில் வெட்டினால் அடுத்த வருடம் அந்தச் செடியே இராது.

இலங்கையின் செடி, உலகத்தின் பெயர்

குடுவைச் செடியைக் கெண்டிச் செடி என்றும் சொல்வார்கள். தாவரவியற் பெயர் நெப்பந்திஸ். தென்கிழக்கு ஆசியாவில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இலங்கையில் இருப்பது ஒன்றே ஒன்று: நெப்பந்திஸ் டிஸ்ரிலாற்றோரியா. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத, இலங்கைக்கே உரிய இனம் அது. சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். தென்மேற்கின் ஈரவலயத்தில், சிங்கராஜ வனத்தின் ஓரங்களில், களுத்துறை, காலிப் பக்கத்துச் சதுப்புகளில், தெருவோர மண்மேடுகளில் வளரும். கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 700 மீற்றர் உயரம் வரை காணலாம்.

நமக்கும் அதற்கும் நடுவே 300 கிலோமீற்றருக்கு மேல். தூரத்தைவிட மழைதான் பெரிய இடைவெளி. ஈரவலயம் என்றால் வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. சிங்கராஜவில் அதைவிடவும் கூட. வன்னி உலர்வலயம், 1,750 மில்லிமீற்றருக்குக் கீழ், அதிலும் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே வன்னிக் காட்டில் குடுவைச் செடி கிடையாது. இங்கே இருப்பவையெல்லாம் சாடிச் செடிகள்.

ஐரோப்பியர் முதன்முதலில் எழுதிவைத்த குடுவைச் செடி மடகஸ்காரில் உள்ளது, 1658இல். இரண்டாவது நம்முடையது. 1677இல் டென்மார்க்கின் பார்த்தோலின் இதை "அதிசய மூலிகை" என்ற பொருள்படும் இலத்தீன் பெயரால் குறிப்பிட்டார். அதே காலத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இலங்கையில் இருந்த போல் ஹேர்மன் இங்கே செடிகளைத் திரட்டி உலர்த்திச் சேர்த்தார். அவருடைய சேகரிப்பு இப்போது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1737இல் லின்னேயஸ் நெப்பந்திஸ் என்ற பேரினப் பெயரை வைத்தார். ஹோமரின் காவியத்தில் ஹெலன் துக்கம் மறக்க மதுவில் கலந்து கொடுக்கும் மருந்தின் பெயர் அது. இந்தச் செடியைக் கண்ட தாவரவியலாளன் நீண்ட பயணத்தின் களைப்பையெல்லாம் மறந்துவிடுவான் என்பது அவர் சொன்ன காரணம். டிஸ்ரிலாற்றோரியா என்றால் வடிப்பது. குடுவைக்குள் நீர் நிற்பதைப் பார்த்து வைத்தது.

அந்த நீர் எதற்கு என்று அப்போது யாருக்கும் தெரியாது. இந்தக் குடுவைகள் பூச்சிகளைச் செரிக்கின்றன என்று ஜோசப் ஹூக்கர் 1874இல் பெல்பாஸ்ற்றில் அறிஞர்கள் கூடிய மாநாட்டில் விளக்கினார். அடுத்த வருடம் டார்வினின் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூல் வந்தது. பெயர் வைத்து 137 வருடங்களுக்குப் பிறகுதான் குடுவையின் வேலை இன்னதென்று தெளிவாகப் பேசப்பட்டது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் குடுவையை வரைகிறார்கள். நைதரசன் குறைந்த மண்ணில் வளர்வதால் பூச்சியைப் பிடித்துக் குறையை நிரப்புகிறது என்று எழுதுகிறார்கள். பூவை யாரும் வரைவதில்லை. ஆனால் பாடத்தின் சுவையான பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஆண் பனை, பெண் பனை

குடுவைச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரு செடியில் ஆண் பூ மட்டும் வரும், அல்லது பெண் பூ மட்டும் வரும். இதை நமக்கு விளக்க வேறு உதாரணம் தேடத் தேவையில்லை. பனையும் அப்படித்தான். வடலியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. பாளை வந்தால்தான் தெரியும். குடுவைச் செடியும் பூக்கும்வரை தன்னைக் காட்டாது. குடுவையின் நிறத்திலோ பருமனிலோ அடையாளம் இல்லை.

பூக்கள் மிகச் சிறியவை. இதழ் என்று தனியாக இல்லை, பச்சையோ சிவப்போ கலந்த நான்கு மடல்கள், அவற்றின்மேல் மினுங்கும் தேன். நடுவில் சின்ன உருண்டை ஒன்று காம்பில் நின்று, பிறகு அதிலிருந்து மஞ்சள் மா உதிர்ந்தால் ஆண். நடுவில் பச்சையான, கொஞ்சம் நீண்ட சூலகம் தடித்து நின்றால் பெண். வாசனையை வைத்து எதிர்பார்ப்பு வேண்டாம். மல்லிகை அல்ல இது. பூஞ்சணம் பிடித்த பழைய கடதாசி மணம் என்று ஒருவர் சொன்னார், நான் மறுக்கமாட்டேன். இலையான்களுக்கும் சின்ன அந்துப்பூச்சிகளுக்கும் அது போதும்.

இங்கேதான் புகையிலைக் கணக்குப் பிழைக்கிறது. புகையிலை விதைக்கு ஊரில் பஞ்சமில்லை, ஒரு செடியை விதைக்கு விட்டால் ஒரு தோட்டத்துக்குக் காணும். ஒரே செடியின் பூவே தன்னில் தானே காய்க்கவும் செய்யும். குடுவைச் செடிக்கு அந்த வசதி இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில், பூச்சி பறக்கும் தூரத்தில் பூக்கவேண்டும். காட்டில் அடர்த்தியாக நின்றால் இது நடக்கும். தெருவோரத்தில் நிற்கும் நாலு செடியில் இரண்டைக் கிண்டி எடுத்துவிட்டால், மிஞ்சியது இரண்டும் ஆணாக இருக்கலாம். பார்வைக்கு அவை பச்சையாக, குடுவையோடு, செழிப்பாகத்தான் நிற்கும். ஆனால் அந்த இடத்தில் அதன்பின் ஒரு நாற்றும் முளைக்காது.

தெற்கே சுற்றுலா போகும்போது "ஒரு வேர்தானே" என்று பிடுங்கிக்கொண்டு வருவதில் உள்ள ஆபத்து இதுதான். சிங்கராஜ போன்ற பாதுகாக்கப்பட்ட வனத்தில் இருந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். நெப்பந்திஸ் இனங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளன. இலங்கை 1979இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியாவின் ஒரே குடுவைச் செடி மேகாலயாவின் நெப்பந்திஸ் காசியானா. அளவுக்கு மேல் பிடுங்கி விற்றதாலும் இடம் அழிந்ததாலும் அது அந்த உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதலாவது பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் செடிக்கென்றே காரோ மலையில் பாக்மாராவில் ஒரு சிறு சரணாலயம் இருக்கிறது.

காட்டில் இருந்து பிடுங்கிய செடி வன்னிக்கு வந்தால் பெரும்பாலும் செத்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். வேர் மெல்லியது, கறுப்பு நூல்போல, தொட்டால் அறும். ஈரக்காட்டில் பழகிய கொடி நமது சோளகக் காற்றில் ஒரு கிழமைகூடத் தாங்காது. கடையில் வாங்குவது பெரும்பாலும் இழைய வளர்ப்பில் பெருக்கிய கலப்புச் செடி. அது கொஞ்சம் முரட்டுத்தனமானது, தாங்கும்.

ஆனால் இழைய வளர்ப்புச் செடியில் இன்னொரு சிக்கல். ஒரே தாய்ச்செடியின் துண்டில் இருந்து ஆயிரக்கணக்கில் பெருக்குவதால் எல்லாம் ஒரே பால். ஒரே கடையில், ஒரே வகையில், சோடியாக இரண்டு வாங்கினால் ஆணும் பெண்ணும் கிடைக்கும் என்று நினைக்கவேண்டாம். இரண்டும் ஒரே செடியின் இரண்டு துண்டுகள். விதை வேண்டுமானால் வேறு வகை, வேறு இடம் பார்க்கவேண்டும். கலப்புச் செடிகள் உருவானதே அப்படித்தான். 1862இல் வீச் நாற்றுமேடையில் டொமினி என்பவர் இரு வேறு இனங்களின் ஆணையும் பெண்ணையும் கையால் சேர்த்து முதல் செயற்கைக் கலப்பை வெளியிட்டார். இன்று கடைகளில் தொங்கும் கலப்புகளுக்கெல்லாம் பின்னால் யாரோ ஒருவர் முறிக்காமல் விட்ட இரண்டு பூத்தண்டுகள் இருக்கின்றன.

அப்படியானால் விட்டுவிடலாமா?

குடுவைச் செடியில், செடி பலமாக இருந்தால், விடலாம். பூத்தால் செத்துப்போகும் என்ற பயம் வாழையில் இருந்து வந்தது. வாழை குலை தள்ளியதும் தாய்மரம் முடிந்தது. தாளிப்பனை வாழ்நாளில் ஒருமுறை பூத்துக் காய்த்து அழியும். குடுவைச் செடி அந்தக் கூட்டம் அல்ல. பூத்தண்டு நுனியில் வந்தாலும், பக்கத்து இலைக்கக்கத்தில் உள்ள மொட்டு வளர்ந்து கொடியைத் தொடரும். அடியில் இருந்தும் புதுத்தளிர் வரும். பூக்கும் மாதங்களில் புதுக்குடுவை குறையும், சிலவேளை ஒன்றும் வராது. அது நட்டம்தான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது ஒரு பருவத்து நட்டம்.

எப்போது முறிக்கவேண்டும்? செடி அண்மையில் சாடி மாற்றப்பட்டிருந்தால், வெயில் சுட்டு இலை காய்ந்திருந்தால், மூன்று நான்கு இலையோடு மெலிந்து நின்றால், முறியுங்கள். பெண் செடியாக இருந்து மகரந்தம் கிடைக்க வழியில்லை என்றால், பூ விரிந்து பாலை அறிந்துகொண்ட பின் வெட்டலாம். வெட்டுமுன் பூவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சாடியில் "பெண்" என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை பூக்கும்வரை அந்தத் தகவலை வேறு எந்த வழியாலும் பெறமுடியாது. மொட்டிலேயே முறிக்காமல் விரியும்வரை பொறுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆண் செடி என்றால் வேலை சுலபம். பூ விரிந்து மஞ்சள் மா உதிரத் தொடங்கியதும், மழை படாத நேரத்தில், ஒரு வெள்ளைக் கடதாசியைக் கீழே பிடித்துத் தண்டை மெல்லத் தட்டவேண்டும். ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, சின்னக் கடித உறையில் மடித்து, ஈரம் உறிஞ்ச ஒரு பொட்டலம் சிலிக்கா மணியோடு காற்றுப் புகாத போத்தலில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். எங்கோ ஒரு பெண் செடி பூக்கும்போது உதவும். பெண் பூவின் உச்சி ஈரமாக மினுங்கும் நாட்களில், தீக்குச்சி நுனியாலோ சின்னத் தூரிகையாலோ அந்த மாவைத் தடவினால் போதும்.

காய் முற்ற இரண்டு மூன்று மாதம் எடுக்கும். பச்சை மாறி மண்ணிறமாகும்போது பழைய நைலோன் துணியால் மூடிக் கட்டவேண்டும். வெடித்தால் விதை காற்றோடு போய்விடும். விதையைப் பார்த்தால் விதை என்று சொல்லமாட்டீர்கள், தும்பின் துண்டுபோல, நடுவில் ஒரு சின்ன முடிச்சோடு இருக்கும். புதிதாக இருக்கும்போதே போடவேண்டும், வைத்திருந்தால் முளைப்புக் குறையும். மண்ணுக்கு மேலே தூவினால் காணும், மூடத் தேவையில்லை. ஒன்றிரண்டு மாதத்தில் முளைக்கும். முளைத்து வரும் முதல் இலைகளிலேயே குண்டூசித்தலை அளவில் குடுவை இருக்கும். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்த ஒரு பிள்ளை பாடப்புத்தகத்தை மறுபடி திறக்கும் என்று நம்புகிறேன். நாற்று வளர்ந்து பூக்க மூன்று, நான்கு வருடங்கள், சிலவேளை கூட. பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்றதல்ல.

பல்கலைக்கழகத் தாவரவியல் பிரிவோ, ஒரு பாடசாலையின் சூழல் கழகமோ, வன்னியில் யாரிடம் எந்தப் பால் செடி இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் பெரிய செலவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. சாடியில் விளைந்த நாற்று தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் காட்டுச் செடியைப் பிடுங்குவதற்கான ஆசையும் குறையும். கலப்பு நாற்றுகளைத் தெற்கே கொண்டுபோய்க் காட்டோரம் நடுவது மட்டும் கூடாது. அங்கே அவை நம் இனத்தோடு கலந்துவிடும். வன்னியில் அந்த ஆபத்து இல்லை.

தண்ணீர் சரியில்லை என்றால் பூப் பற்றிப் பேச்சில்லை

பூ வருவதற்கு முன் செடி பிழைக்கவேண்டும். வன்னியில் இந்தச் செடிகளைக் கொல்வது வெயிலைவிடக் கிணற்றுத் தண்ணீர். நமது நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். குடுவைச் செடி சத்தற்ற மண்ணுக்குப் பழகியது. உப்பு சேரச் சேர வேர் கருகும், குடுவை வராது, பிறகு இலை நுனியில் இருந்து காயும். உரம் போட்டுக் காப்பாற்ற நினைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். கரைந்த திண்மம் 50 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் நல்லது என்பது வளர்ப்பவர்களின் பொது அளவு. நம் கிணறுகளில் பல நூறு இருப்பது வழமை.

வவுனியாவில் சிறுநீரக நோய்ப் பிரச்சினைக்குப் பிறகு பல கிராமங்களில் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. அந்த நீர் இந்தச் செடிக்கு மிகப் பொருத்தம்தான். ஆனால் சனம் கலனோடு வரிசையில் நிற்கும் குடிநீரைப் பூச்சாடிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. மாரியில் கூரைப்பீலியின் கீழ் ஒரு பரல் வைத்தால் போதும். முதல் மழையில் கூரைத் தூசியும் பறவை எச்சமும் கழுவுப்பட விட்டு, பிறகு பிடியுங்கள். 200 லீற்றர் பரல் ஒன்று, இரண்டு சாடிக்குக் கோடை முழுக்கக் காணும். நன்றாக மூடி, வலை கட்டவேண்டும். நுளம்பு முட்டையிட்டால் சுகாதாரப் பரிசோதகர் வருவார், அவர் வருவதும் நியாயம்.

குடுவைக்குள் தண்ணீர் நிற்கிறதே, டெங்கு நுளம்பு பெருகாதா என்று ஒரு ஆசிரியை கேட்டார். நல்ல கேள்வி. காட்டில் குடுவைகளுக்குள்ளேயே வாழப் பழகிய நுளம்புக் குடம்பிகள் உண்டு. வீட்டில் அதைவிடக் கவனிக்கவேண்டியது சாடிக்குக் கீழே வைக்கும் தட்டு. அதில் தேங்கும் நீரில்தான் ஆபத்து. தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது மணலால் நிரப்பிவிடுங்கள்.

மண்ணுக்குத் தும்புச்சோறு நல்லது, உப்புப் போகும்வரை மழைநீரில் பலமுறை கழுவவேண்டும். அதோடு கழுவிய ஆற்றுமணல், கொஞ்சம் சிரட்டைக்கரித் துண்டு. கடற்கரை மணல் வேண்டாம், அதில் சிப்பித்தூளும் உப்பும் இருக்கும். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் அடிக்கும் பக்கத்தில் தொங்கவிடக்கூடாது. காலை வெயில் போதும்.

வெட்டவேண்டியவை, தொடக்கூடாதவை

இணையத்தில் பார்த்து வாங்கப்படும் இன்னொன்று வீனஸ் பொறி, பல்லுப்போல முள் வைத்த வாய் மூடும் செடி. அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களுக்கு உரியது. அதற்குக் குளிர்காலத்தில் மூன்று நான்கு மாத உறக்கம் வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு காலமே இல்லை. ஆகவே இங்கே அது வருடத்துக்கு வருடம் தேயும். அந்த நிலையில் பூத்தண்டு வந்தால் யோசிக்காமல் வெட்டுங்கள், ஐந்து சென்ரிமீற்றர் உயரும்போதே. வெட்டிய இளந்தண்டை ஈரமான பாசியில் குத்திவைத்தால் அதிலிருந்தே சிலவேளை குட்டிச்செடி வரும். சரசேனியா என்ற அமெரிக்கக் குடுவைச் செடிக்கும் இதே கதைதான்.

வீனஸ் பொறியின் பூ ஏன் பொறிக்கு மேலே அவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது தனிச் சுவை. பூச்சியைத் தின்னும் செடிக்கே மகரந்தம் சுமக்கவும் பூச்சி வேண்டும். வேலைக்காரனையே விழுங்கினால் விதை ஏது? வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பூவின் மகரந்தத்தை அதிகம் சுமந்த 13 வகைப் பூச்சிகளில் மூன்று மட்டுமே பொறிகளில் அகப்பட்டிருந்தன. மேலே பறப்பவை பூவுக்கு, கீழே ஊர்பவை வாய்க்கு.

கடைசியாக, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாதவை. அழுகண்ணி என்று சித்த வைத்தியத்தில் பெயர் கேட்டிருப்பீர்கள். இலையில் பனித்துளிபோலப் பசை மினுங்க, சின்னப் பூச்சிகள் அதில் ஒட்டிக் கிடக்கும். இலங்கையின் தாழ்நில மணற்பாங்கான ஈரநிலங்களில் வளரும் துரோசெரா வகைகள் இவை. உயரம் சில விரல் அளவு. மாரி வடிந்த பின், புல் குட்டையாக உள்ள ஈரமணல் வெளிகளில் குனிந்து தேடவேண்டிய செடி. இதன் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு பருவம்தான். மழையோடு முளைத்து, பூத்து, மண் காயும்போது செத்துவிடும். கோடையைத் தாண்டுவது செடியல்ல, மண்ணில் விழுந்த விதை. இதில் பூத்தண்டை முறிப்பது நெல்லைக் கதிரில் அறுத்து எறிவது போன்றது. பிடுங்கி வந்து சாடியில் வைத்தால் இரண்டு கிழமையில் காயும். அது நின்ற இடத்திலும் அடுத்த மாரிக்கு ஒன்று குறையும். பூப்பதற்கு முன் அந்த மணல் உழவு இயந்திரத்தில் ஏற்றப்பட்டால், விதையே விழாது.

குளங்களில் இன்னொன்று இருக்கிறது. தாமரைக்கும் அல்லிக்கும் நடுவே, தண்ணீருக்கு மேலே மெல்லிய காம்பில் சின்ன மஞ்சள் பூ. கீழே வேர் இல்லை, பாசிபோன்ற இழைகள், அவற்றில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னப் பைகள். யூட்ரிக்குலேரியா என்பது அதன் பெயர். நீர்ப்பூச்சி தொட்டதும் பை திறந்து அதை உறிஞ்சுவதற்கு எடுக்கும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. தூண்டிலோடு குளக்கட்டில் இருக்கும் பையன்களுக்கு இது பாசி. பூக்கும் சில கிழமைகளில் மட்டுமே அது அங்கே இருப்பது நமக்குத் தெரியும்.

எங்கள் விறாந்தைச் செடிக்கு வருகிறேன். மொட்டு விரிய மூன்று கிழமை ஆனது. கீழிருந்து மேலாக, நாளுக்கு இரண்டு மூன்றாக விரிந்தது. நடுவில் உருண்டை, பிறகு மஞ்சள் மா. ஆண். அம்மா வந்து பார்த்து, "இனி என்ன, காய்க்காது. வெட்டுங்கோ" என்றார். வெட்டினேன், மாவைத் தட்டி எடுத்த பிறகு. இப்போது அது உறையில் மடித்து, திகதி எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் மீனுக்குப் பக்கத்தில் ஒரு போத்தலில் இருக்கிறது. வெட்டிய இடத்துக்குக் கீழே புதுத்தளிர் வந்துவிட்டது. அதன் இலை நுனியில் கொடி சுருண்டு, முனை கொஞ்சம் தடித்திருக்கிறது.